ரசீதில் ஒரு வரி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது புரவலர் பலகைதான். நீலத்தில் வெள்ளை எழுத்து. ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலரானவர்களின் பெயர்கள், கட்டிய ஆண்டோடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள், ஒரு ஜவுளிக்கடை முதலாளி, இரண்டு மருத்துவர்கள், இறந்துபோன மகனின் பெயரில் பணம் கட்டிய ஓர் அம்மா. பலகை நிறைந்துபோனதால் கடைசி ஏழெட்டுப் பெயர்களை ஓவியர் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் வாளி வைப்பார்கள். மேல்தளம் ஒழுகும்.

இத்தனை புரவலர்கள் இருக்கும் இடத்தில் வாளி எதற்கு என்று கேட்கப் போய், மூன்று ஆண்டுகளில் எங்கள் வாசகர் வட்டம் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் சங்கடப்படப் போகிறவர் அங்கே வேலை பார்க்கும் நூலகர் மட்டுமே. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 4,600 பொது நூலகங்கள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகம், முழுநேரக் கிளை, கிளை, ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று படிகள் வேறுபட்டாலும் எல்லாவற்றுக்கும் பணம் வரும் வாய்க்கால் ஒன்றுதான். அதனால் வேறு ஊர்க்காரர்களும் இதில் தங்கள் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

விழாவில் எழுந்த கேள்வி

ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. கோலப்போட்டி, பேச்சுப்போட்டி, கடைசி நாளில் பரிசளிப்பு. அன்றைக்குத்தான் புதிய புரவலர்களையும் சேர்ப்பார்கள். மேடைக்கு அழைத்து ஆளுக்கொரு பொன்னாடை, கைதட்டல், ரசீது. அந்த ஆண்டு ஆறு பேர் சேர்ந்தார்கள். விழா முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது வட்டத்தின் மூத்த உறுப்பினர், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நூலகரிடம் கேட்டார்:

“ஏம்மா, ஆறாயிரம் வந்திருக்கே. அதுல இந்த ஒழுகலை அடைச்சிடலாமே?”

“அது என் கைக்கு வராதுங்க ஐயா. மாவட்டத்துக்குப் போயிடும். ஒழுகல் பராமரிப்புல வரும். அது வேற தலைப்பு.”

தலைப்பு என்றால் எங்களுக்குக் கட்டுரைத் தலைப்புதான் தெரியும். அரசு அலுவலகத்தில் அது கணக்குத் தலைப்பு. எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கப்பட்டதோ அந்தத் தலைப்பில்தான் செலவழிக்க வேண்டும். புத்தகத்துக்கு வந்த பணத்தில் குழல்விளக்கு வாங்கினால் தணிக்கையில் கேள்வி வரும். பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பவரிடம் பத்து ரூபாய்க்குக்கூட அதிகாரம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. மாதாமாதம் அவர் தன் கைக்காசில்தான் துடைப்பமும் பினாயிலும் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது அதற்கும் ஒரு மாதம் கழித்து, வேறொரு பேச்சில், தற்செயலாகத் தெரிந்தது.

பெரியவர் விடவில்லை. “அப்ப மாவட்டத்துக்கு எங்கேர்ந்து பணம் வருது?”

“நீங்கதான் கட்டுறீங்களே ஐயா. வீட்டுவரியோட செஸ்.”

ரசீதை எடுத்துப் பார்த்தபோது

வீட்டுக்குப் போய்ப் பீரோவிலிருந்து சொத்து வரி ரசீதை எடுத்தேன். பதினைந்து ஆண்டுகளாகக் கட்டுகிறேன். மொத்தத் தொகையைத் தவிர வேறெதையும் படித்ததில்லை. நடுவில் இருந்தது, ‘நூலக வரி’ என்று ஒரு வரி.

தமிழ்நாட்டில் இன்றைய விகிதம், சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 பைசா. அரையாண்டுச் சொத்து வரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூலகத்துக்கு 150. ஆண்டுக்கு 300. நாலே ஆண்டில் அந்த வீடு ஒரு புரவலர் கட்டுவதைவிடக் கூடுதலாகக் கட்டிவிடுகிறது. ஐந்தாம் ஆண்டும் கட்டுகிறது, ஐம்பதாம் ஆண்டும் கட்டும். அப்படி 200 வீடு உள்ள தெரு ஒன்று ஆண்டுக்கு 60,000 ரூபாய் தருகிறது. வாடகைக்கு இருப்பவர்களும் இதில் விலக்கில்லை. வீட்டுக்காரர் தன் வரியையெல்லாம் எங்கே ஏற்றுகிறார் என்பது குடியிருப்பவருக்குத் தெரியும். நூலகத்தின் வாசல்படியை மிதித்தே இராத பக்கத்து வீட்டுக்காரரும் கட்டிக்கொண்டிருக்கிறார். இவர்களுக்குப் பொன்னாடையும் இல்லை, பலகையும் இல்லை. தாங்கள் கட்டுகிறோம் என்பதே தெரியாதவர்களுக்குப் பலகை வைத்து என்ன செய்ய.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2022-இல் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்த்தப்பட்டது. கட்டடத்தின் பரப்பையும் வகையையும் பொறுத்து 25 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடு வரை. அதைப் பற்றி ஊரில் பேசாத டீக்கடை இல்லை. நூலக வரி சொத்து வரியின் மீது போடப்படுவது. அது ஏறினால் இதுவும் கூடவே ஏறும். ஆக, சட்டப்படி பார்த்தால் அந்த ஆண்டு எங்கள் நூலகங்களுக்கு நல்ல ஆண்டாக இருந்திருக்க வேண்டும். எங்கள் வாளி இருந்த இடத்திலேயே இருந்தது.

அரையணாவின் கதை

இந்த வரி ஏன் வந்தது என்பது சுவையான வரலாறு. எங்கள் வட்டத்தில் ஒரு கூட்டம் முழுக்க இதற்கே போனது; போனதில் வருத்தமில்லை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனவர் அங்கே ஊருக்கு ஊர் பொது நூலகம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. அதன் செயலாளர் அவர். 1930-இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் நூலகங்களுக்கென ஒரு மாதிரிச் சட்டத்தை முன்வைத்தார். அன்றைக்கு இங்கே நூலகம் என்றால் அதன் பின்னால் ஒரு ஜமீன்தாரோ, வக்கீலோ, வணிகரோ இருப்பார். அவர் மனசும் பணமும் இருக்கும்வரை நூலகம் இருக்கும்.

அப்படிப்பட்ட மனசு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று அதைச் சொல்கிறார்கள். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். ஒரு தனி மனிதர் இதைச் செய்ய முடிந்தது என்பது பெருமை. ஆனால் அதே ரங்கநாதன், அந்த வண்டியைக் கொடியசைத்து அனுப்பிய கையோடு, சட்டம் வேண்டும், வரி வேண்டும் என்று விடாமல் எழுதியும் பேசியும் வந்தார். தருமத்தை மதித்தார், அதை நம்பி இருக்க மறுத்தார். அவரிடம் எனக்குப் பிடித்த கணக்கு இதுதான்.

சட்டம் நிறைவேறியது 1948-இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில். கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம். 1945-இல் கோல்ஹாபூர் சமஸ்தானம் ஒரு நூலகச் சட்டம் போட்டிருந்தது. சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரி விகிதம் அப்போது சொத்து வரி ரூபாய்க்கு ஆறு பை. பன்னிரண்டு பை ஓர் அணா, ஆக அரையணா. ரூபாயை முப்பத்திரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு. அது படிப்படியாக ஏறி 10 பைசாவாகியிருக்கிறது. பின்னால் வந்த மாநிலங்களில் ஆந்திரம் 8 பைசாவும் கர்நாடகம் 6 பைசாவும் வைத்தன. மகாராஷ்டிரத்திலும் மேற்கு வங்கத்திலும் நூலகச் சட்டம் உண்டு, நூலக வரி கிடையாது, அரசு ஒதுக்குவதுதான்.

சொத்து வரியோடு ஏன் இணைத்தார்கள்? தனியாக வசூலிக்க ஆள் வேண்டாம். ஊர் வளர வளர வீடுகள் கூடும், வரியும் கூடும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் வீடு இருக்கும் இடத்தில் இருக்கும். அரசுக் கருவூலத்தில் கையேந்தாமல் நூலகத்துக்கென்று தனியே ஓர் ஊற்று. இதோடு நிற்கவில்லை. சென்னை நகரம் நீங்கலாக மற்ற மாவட்டங்களில் வசூலாகும் வரிக்குக் குறையாத தொகையை அரசும் ஆண்டுதோறும் நூலக நிதிக்குத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். நகரத்தில் வரி நிறைய வரும், கிராமங்கள் உள்ள மாவட்டத்தில் வராது என்பதை அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். 1948-இல் உட்கார்ந்து இதை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு.

பணம் நடக்கும் வழி

நகராட்சியோ மாநகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்கும். வசூலித்ததை மாவட்ட நூலக ஆணைக்குழுவின் நிதிக்குச் செலுத்த வேண்டும். ஆணைக்குழு ஆண்டு வரவு செலவுத் திட்டம் போட்டு, சம்பளம், கட்டட வாடகை, மின்கட்டணம், நாளிதழ், தளவாடம், புத்தகம் என்று பிரிக்கும். மேலே பொது நூலக இயக்ககம்.

படிக்க நேராக இருக்கிறது. இடையில் ஒரு வளைவு. வசூலிக்கிற கை ஒன்று, செலவழிக்கிற கை இன்னொன்று. உள்ளாட்சியின் கணக்கில் பணம் வந்து விழும்போது அதே கணக்கை எதிர்பார்த்துத் துப்புரவுப் பணியாளர் சம்பளமும் தெருவிளக்கு மின்கட்டணமும் குடிநீர் மோட்டார் பழுதும் காத்துக்கொண்டிருக்கும். குப்பை இரண்டு நாள் கிடந்தால் மக்கள் சாலைக்கு வருவார்கள். நூலகத்துக்குப் போகவேண்டிய பணம் இரண்டு ஆண்டு கிடந்தால் யாருக்கும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்காது. ‘நூலக வரி நிலுவை’ என்பது நாளிதழ்களில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது தலைகாட்டும் சொல்லாகிவிட்டதற்கு நான் காணும் காரணம் இது. தீய எண்ணம் தேவையே இல்லை. அவசரம் இருக்கிற இடத்துக்குப் பணம் தானாக ஓடும்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் கொதித்தார். “நம்ம ஊர் வரி நம்ம ஊர் நூலகத்துக்கே வரணும்னு கேப்போம்.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பேசப் பேசத்தான் அதிலுள்ள கோணல் புரிந்தது. எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. அந்த ஊராட்சியில் ஓட்டு வீடுகளும் குடிசைகளும்தான். அவர்கள் கட்டும் நூலக வரியை மட்டும் வைத்து ஒரு நாளிதழுக்குச் சந்தா கட்டுவதே பெரும்பாடு. மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிதி என்பதால்தான் அங்கே ஒரு கதவு திறக்கிறது. நம் பணம் நம் கிளைக்கு மட்டும் என்று ஆரம்பித்தால் மாவட்டத் தலைநகரில் குளிர்சாதன நூலகமும் கடைக்கோடி ஊரில் பூட்டும் மிஞ்சும். அந்தக் கோரிக்கையைக் கைவிட்டோம். கைவிட்டதில் இன்றும் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நன்கொடை எதை அடைக்கிறது

நூலகத்துக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால் நம் கை முதலில் பரணை நோக்கித்தான் போகும். கட்டுக்கட்டாகப் பழைய புத்தகங்கள் வந்து இறங்கும். இரண்டாவது ஆண்டு நாங்களே ‘வீட்டுக்கொரு புத்தகம்’ என்று துண்டறிக்கை அடித்து இந்தத் தவறைச் செய்தோம். வந்தவை: பாடத்திட்டம் மாறிப்போன பத்தாம் வகுப்பு நோட்ஸ், முந்தைய ஆண்டுகளின் நுழைவுத்தேர்வு வழிகாட்டிகள், அட்டையில்லாத தொடர்கதை பைண்டிங், ஒரே ஜோதிட நூலின் நான்கு பிரதிகள், கரையான் அரித்த ஒரு கலைக்களஞ்சியத் தொகுதி. நடுவில் பத்துப் பதினைந்து நல்ல புத்தகங்களும் இருந்தன. அவற்றைப் பொறுக்கி எடுக்க நூலகருக்கு இரண்டு வாரம் பிடித்தது.

பொறுக்கினாலும் வேலை முடியாது. பதிவேட்டில் ஏற்ற வேண்டும், எண் போட வேண்டும், முத்திரை குத்த வேண்டும். பதிவேட்டில் ஏறிவிட்ட புத்தகம் அரசுச் சொத்து. கிழிந்தாலும் நினைத்த மாத்திரத்தில் எடைக்குப் போட முடியாது. கழித்துக்கட்டுவதற்குத் தனி நடைமுறை உண்டு. அந்தப் பயத்தில்தான் பல நூலகங்களில் அலமாரி நிறைந்தும் படிக்க எதுவும் இல்லாமல் இருக்கிறது. இடம் இல்லாததால் புதுப் புத்தகக் கட்டு பிரிக்கப்படாமல் மூலையில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். புத்தகம் தருகிறவர் முதலில் பட்டியலைத் தர வேண்டும். நூலகர் குறித்துக் கொடுப்பதை மட்டும் கொண்டுவர வேண்டும். பணமாகத் தர விரும்புகிறவர்களிடம் ஒரு பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டச் சொன்னோம். சிறுவர் இதழ் ஒன்று, அறிவியல் இதழ் ஒன்று, போட்டித்தேர்வு இதழ் இரண்டு என்று பிரித்துக்கொண்டார்கள். சந்தா நன்கொடையில் ஒரு வசதி இருக்கிறது. இதழ் நேராக நூலக முகவரிக்கு வரும். எந்தத் தலைப்பிலும் நுழைய வேண்டாம். மாதாமாதம் புதிதாக ஒன்று வந்துகொண்டே இருக்கும். ஆண்டு முடிந்ததும் நின்றுபோகும் என்பதால் கொடுத்தவர் அடுத்த ஆண்டும் நினைத்துப் பார்ப்பார். பலகையில் பெயர் எழுதியவரை நூலகம் மறந்துவிடலாம், அவரும் நூலகத்தை மறந்துவிடலாம். சந்தா கட்டுகிறவர் மறக்க முடியாது.

ஆனால் நன்கொடை எட்டாத இடங்கள் உண்டு. எங்கள் நூலகத்தில் கழிப்பறை இல்லை. காலையில் வரும் பெண் பிள்ளைகள் பத்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் நாள் முழுக்க இருப்பார்கள். பதிவேட்டில் பெண் வாசகர் குறைவு என்று ஆண்டுதோறும் எழுதுவதற்குக் காரணம் வாசிப்பில் இல்லை. பீரோ தர ஆள் இருந்தது, மின்விசிறி தர ஆள் இருந்தது, தலைவர் படங்கள் தர வரிசையே நின்றது. கழிப்பறைக்கு ஒருவரும் முன்வரவில்லை. ‘உபயம்’ என்று எதன் மேல் எழுதுவது? இரண்டாவது, ஆள். இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர். அவர் மாவட்டக் கூட்டத்துக்குப் போனால் அன்று நூலகம் மூடல். வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற நாட்களின் மூடல் வாசலுக்கு வந்த பிறகுதான் தெரியும். சம்பளத்தை யாரும் நன்கொடையாகத் தர முடியாது. தரவும் கூடாது என்பது என் எண்ணம். ஊர்ப் பெரியவர் ஒருவரின் காசில் சம்பளம் வாங்கும் நூலகர், அந்தப் பெரியவருக்குப் பிடிக்காத புத்தகத்தை அடுக்குவாரா?

கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது இவற்றைவிடச் சுலபம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. கொல்கத்தாவில் 1972-இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசுகளோடு சேர்ந்து புத்தகத்துக்கும் தளவாடத்துக்கும் மானியம் தருகிறது. திறப்பு விழா உள்ள செலவுக்கெல்லாம் எங்காவது ஒரு நிதி இருக்கிறது. திறந்த பிறகு தினசரி விளக்குப் போடும் செலவுக்கு நூலக வரியை விட்டால் வேறு நாதியில்லை.

அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2006-இல் தொடங்கிய அத்திட்டத்தில் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் ஒரே அச்சில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. நல்ல எண்ணம், நல்ல கட்டடம். பிற்பாடு அவற்றில் பல பூட்டிக் கிடந்ததைச் சாலையில் போகிற யாரும் பார்த்திருக்கலாம். கட்டியவர்கள் கட்டிவிட்டார்கள்; திறந்து உட்காருகிறவருக்கு நிரந்தரமான வழி செய்யப்படவில்லை.

பெரிய நூலகமும் லைப்ரரி ஆர்டரும்

நூலகம் எவ்வளவு பெரிதானாலும் இந்தச் சிக்கல் விடுவதில்லை. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், அடுத்த ஆண்டு நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகம் பிழைத்தது. அதற்குப் பிறகும் பராமரிப்பு, காலிப் பணியிடம் என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்தது. வழக்குப் போட ஆள் இருந்ததால் அது தலைநகரின் செய்தியானது. ஒரு கிளை நூலகத்தில் நூலகர் ஓய்வு பெற்று இடம் நிரப்பப்படாமல் போனால் அதற்கு யார் வழக்குப் போடுவார்கள்?

நூலக வரியில் இன்னொரு கூட்டமும் பிழைக்கிறது: பதிப்பாளர்கள். ‘லைப்ரரி ஆர்டர்’, அதாவது நூலகங்களுக்காக மொத்தமாகப் புத்தகம் வாங்கும் ஆணை, என்ற சொல்லைக் கேட்டாலே தமிழ்ப் பதிப்பாளரின் முகம் மாறும். கடையில் சில நூறு பிரதி விற்பதே மலையாக இருக்கும் மொழியில், ஒரு தலைப்புக்கு நூலக ஆர்டர் கிடைத்தால் அச்சுக் கடன் அடையும். பாரம் (மடித்துப் பக்கங்களாக்கும் அச்சுத் தாள்) இத்தனை, பாரத்துக்கு விலை இத்தனை என்று கணக்கிட்டு வாங்குவார்கள். பக்கம் கூடினால் பணம் கூடும். எழுத்துருவைப் பெரிதாக்கிப் பாரத்தை நீட்டிய புத்தகங்களை அலமாரியில் இன்றும் அடையாளம் காணலாம். மாநிலம் முழுக்க ஒரே கொள்முதல் என்பதால் எங்கள் நூலகருக்குத் தேர்வில் பங்கு கிடையாது. கட்டு வரும், பிரிப்பார், அடுக்குவார். நெசவு ஊருக்கும் மீன்பிடி ஊருக்கும் ஒரே கட்டு. 2024-இல் பதிப்பாளர்கள் இணையம் வழியாக விண்ணப்பிக்கும் புதிய கொள்முதல் முறை வந்திருக்கிறது. வாசகரும் நூலகரும் கேட்கிற புத்தகம் அதன் வழியாக வந்தால் நல்லது.

கேரளத்தோடு ஒப்பிடாமல் இந்தப் பேச்சு முடிவதில்லை. அங்கே பி. என். பணிக்கர் 1945-இல் நாற்பத்தேழு நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். 1989 சட்டத்துக்குப் பிறகும் நூலகங்களை நடத்துவது ஊர்மக்களின் குழுக்கள்தான். நூலக கவுன்சில் தரம் பிரித்து மானியம் தருகிறது. வரி விகிதம் நம்மதில் பாதி, 5 விழுக்காடு. வரி குறைவு, உரிமை அதிகம். அங்கேயும் நூலகரின் ஊதியம் பெருமைப்படும் நிலையில் இல்லை. நம்மிடம் நூலகர் அரசு ஊழியர், அவர்களிடம் நூலகம் ஊர்ச்சொத்து. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கும் ஊர் எது என்று எங்கள் பெரியவர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

கேட்டுப் பார்த்தது

மூன்றாம் ஆண்டு, புரவலர் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டோம். பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை. கேள்விகள் நாலே நாலு: கடந்த இரண்டு நிதியாண்டில் நூலக வரியாக எவ்வளவு விதிக்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எவ்வளவு செலுத்தப்பட்டது, எந்தெந்தத் தேதியில்.

முதல் பதில், மனு 6(3) பிரிவின்படி வேறு அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பப்படுகிறது என்று வந்தது. அங்கிருந்து, இந்தத் தகவல் உள்ளாட்சி அலுவலகத்தில்தான் உள்ளது என்று வந்தது. மேல்முறையீடு செய்தோம். அதற்குப் பிறகு ஒரே ஒரு தாள். வசூல் என்று ஓர் எண், செலுத்தியது என்று அதைவிடச் சின்ன எண். தேதிகளுக்கு இடையே நீண்ட இடைவெளி. தாளை எடுத்துக்கொண்டு வார்டு கவுன்சிலரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். நூலகத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். “இப்படி ஒரு வரி இருக்கா சார்?” என்றார். அடுத்த மன்றக் கூட்டத்தில் கேட்பதாகச் சொன்னார், கேட்டார். மீதியில் ஒரு பகுதி அந்தக் காலாண்டில் செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மழைக்கு முன் மாவட்டத்திலிருந்து மதிப்பீடு போட்டு வந்து மேல்தளத்துக்குத் தட்டோடு பதித்தார்கள். எங்கள் தாளால்தான் இது நடந்தது என்று மார்தட்ட மாட்டேன். பட்டியலில் எங்கள் முறை வந்திருக்கலாம். கழிப்பறை இன்னும் வரவில்லை.

இதற்கிடையே பல ஊர்களில் நகராட்சி நிர்வாகத் துறையே ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ என்று புதுக் கட்டடங்கள் கட்டியிருக்கிறது. கண்ணாடிச் சுவர், கணினி, நல்ல வெளிச்சம், கழிப்பறை. போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. அதில் எனக்குக் குறையில்லை. பழைய கிளை நூலகத்தின் கூரைக்குப் போகவேண்டிய நூலக வரி அதே உள்ளாட்சிக் கணக்கு வழியாகத்தான் போகிறது என்பதை மட்டும் ஓர் ஓரமாகக் குறித்து வைக்கிறேன்.

அந்தத் தாளைப் பெரிதாக நகலெடுத்து, புரவலர் பலகைக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று வட்டத்தில் முடிவு செய்தோம். ‘இந்த ஊர் மக்கள் இந்த ஆண்டு தந்தது’ என்று தலைப்பு. நூலகர் தயங்கினார்.

“பலகை வேணாம் சார். பெரியவங்க யாராவது வந்து பாத்தா, யாரைக் கேட்டு மாட்டுனேன்னு என்னைத்தான் கேப்பாங்க. வருகைப் பதிவேட்டுக்குப் பின்அட்டையில ஒட்டி வைக்கிறேன். கேக்கறவங்களுக்குக் காட்டுறேன்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒட்டி வைத்தார். இதுவரை கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பெரியவரின் மைத்துனர். இன்னொருத்தி, குரூப் நாலு தேர்வுக்குப் படிக்கும் பெண். தாளை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“இது சிலபஸ்ல வருமா சார்?”